இடது பக்க நாற்காலி

ஜூன் 2, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், போன வாரப் பதிவைக் கைபேசியில் ஓடவிட்டு, இயர்போனின் ஒரு முனையை இடது காதில் மட்டும் செருகிக் கேட்டேன். கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல இருந்தது. வலது காதுக்கு மாற்றினேன். என் குரல் பளிச்சென்று வந்தது. மறுபடியும் இடது. சளி இன்னும் இறங்கவில்லை. மேற்குக் காற்று கிளம்பிவிட்டது. வடவள்ளியில் ஜூன் மாதம் சளி இல்லாதவர் யார்?

அரிசிம்பருப்பு சாதம் வைத்து என் வீட்டுக்காரர் தனபாலுக்கு டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். அவர் பம்ப் கம்பெனிக்குக் கிளம்பியதும் நான் ஸ்கூட்டரில் போத்தனூர் போனேன். ரெஜினா வீட்டு மாடி அறைதான் எங்கள் பதிவுக்கூடம். இரண்டு வருஷமாக ‘உட்கார்ந்து பேசுவோம்’ என்ற பெயரில் வாரம் ஒரு பாட்காஸ்ட் போடுகிறோம். ஒரு வாரம் நாடகக்காரர், ஒரு வாரம் யோகா சொல்லித் தருபவர், ஒரு வாரம் விஞ்ஞானி. கேள்வி கேட்பது நான். பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது, சனிக்கிழமை காலை வெளியிடுவது எல்லாம் ரெஜி. கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக ஓட்டினேன். அவள் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஒலிப்பதிவு பார்த்தாள். இருவருக்கும் அந்த வேலைகள் ஒரே வருஷத்தில் போயின. இதுதான் மிச்சம்.

ஒரு மாதமாக ரெஜியை ஓர் எதிரொலி படுத்துகிறது. விருந்தாளி ஒரு சொல் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அதே சொல் மெல்லிசாக இன்னொரு தரம் வருகிறதாம். ஒயரை மாற்றிப் பார்த்தாள், மைக்கை மாற்றிப் பார்த்தாள். இன்று தன் கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்துக் கட்டினாள். “அவரு துபாய்ல தூங்கறாரு. சுவராவது சொகமா இருக்கட்டும்” என்றாள்.

ஜூலை 20, நூறாவது அத்தியாயம். ஒரு கல்லூரி அரங்கில், மேடையில், ஆட்களுக்கு முன்னால் பேட்டி எடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மேடையில் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். மூன்றடி தூரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஹெட்ஃபோன் எதற்கென்றாள். சரிதான் என்றேன்.

ஜூன் 4, புதன்

இன்றைய விருந்தாளி ஆனந்தமூர்த்தி. சிறுவாணி ரோட்டில் இயற்கை மருத்துவ இல்லம் வைத்திருக்கிறார். மூச்சு, உணவு, தூக்கம் என்று ஒரு மணி நேரம் பேசினார்.

நேற்றே அவரிடம் போனில் எல்லாவற்றையும் கேட்டு வைத்துவிட்டேன். எந்த விருந்தாளியானாலும் முதல் நாள் போன் போட்டு அத்தனை கேள்விகளையும் ஒரு தடவை கேட்டுவிடுவது என் வழக்கம். பதில் இன்னதென்று தெரிந்திருந்தால் பதிவின்போது பதற்றம் இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு, தலையாட்ட வேண்டிய இடத்தில் தலையாட்டலாம். விருந்தாளியின் நாற்காலி எப்போதும் என் வலப்பக்கம். ஜன்னல் வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும் என்று ரெஜியிடம் சொல்லியிருக்கிறேன். படமே எடுக்காத நிகழ்ச்சிக்கு முகத்தில் வெளிச்சம் எதற்கென்று அவள் இதுவரை கேட்டதில்லை.

கடைசியில், ஒரு நேயர் கேட்டிருக்கிறார் என்று சொல்லி ஒரு கேள்வி வைத்தேன். காதில் எந்நேரமும் பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சத்தம் வருகிறதாம், என்ன செய்யலாம்? ஆனந்தமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். “அது நோயில்லீங்க, நாதம். எல்லாருக்கும் வாய்க்காது. அவரு கொடுத்து வெச்சவர்” என்றார். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் ஒரு வைத்தியமாகச் சொன்னார். அழகாச் சொன்னீங்க என்றேன்.

அவர் போனதும் ரெஜி எந்த நேயர் என்று கேட்டாள். மெயில், வாட்ஸ்அப் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். தெரிந்தவர், நேரில் கேட்டார் என்றேன். அதைவிட்டுவிட்டு, என்னுடைய ‘அழகாச் சொன்னீங்க’வைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் நேயர் குழுவில் அது கேலியாகிவிட்டதாம். “பல்லி சத்தம் போட்டாக்கூட சுபா அழகாச் சொன்னீங்கன்னுதான் சொல்லுவான்னு ஒருத்தன் போட்டிருக்கான்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறொருவர், சுபாஷிணியைப்போலக் காது கொடுத்துக் கேட்பவர் இந்தக் காலத்தில் இல்லை என்று எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினாள்.

ஜூன் 5, வியாழன்

பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினேன். ரசத்துக்குத் தாளிக்கிறேன் என்று நினைத்துத் தனபால் சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 8, ஞாயிறு

துவைக்கும் இயந்திரத்தில் போர்வைகளைப் போட்டேன். கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன். கொள்ளு வேகப் போட்டுவிட்டு அடுத்த பேட்டிக்கான கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தபோது தனபால் வந்து எதிரே நின்றார். முகம் சிவந்திருந்தது. சிலிண்டர்காரன் வந்து, கேட்டைத் தட்டி, அவர் குளியலறையிலிருந்து என்னை நாலு தரம் கூப்பிட்டு, நான் அசையாமல் உட்கார்ந்திருந்து, சிலிண்டர்காரன் திரும்பிப் போய்விட்டானாம்.

“ஊர்ல இருக்கறவன் சொல்றதையெல்லாம் மணிக்கணக்கா கேக்கற. நான் கூப்பிட்டா மட்டும் உனக்குக் காது அடைச்சுக்குது” என்றார்.

வேறு யோசனையில் இருந்தேன் என்றேன். அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். முன்பெல்லாம் கம்பெனியில் நடக்கும் கூத்துகளைச் சாப்பிடும்போது சொல்லுவார். மேலாளர் மாதிரி பேசிக் காட்டுவார். இப்போது இல்லை. வேலை அலுப்பாக இருக்கும்.

அலட்சியக்காரி என்று பெயர் வாங்குவது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை. அதைவிட மோசமான பெயர்கள் இருக்கின்றன.

ஜூன் 11, புதன்

டாக்டர் ஷகிலா பானு வந்தார். இருபது வருஷமாக வௌவால்களை ஆராய்கிறவர். மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத கணீர் குரல். ஆயிரக்கணக்கில் குட்டிகள் தொங்கும் குகைக்குள் இரை தேடிவிட்டு வரும் தாய், தன் குட்டியின் கூப்பாட்டை மட்டும் பிரித்தெடுத்து அதனிடம் போய்ச் சேர்கிறதாம். ரெஜி அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மெய்ம்மறந்து நின்றாள்.

நேயர் கேள்வியை இவரிடமும் வைத்தேன். நம் காதுக்குள் மயிரிழைபோல இருக்கும் உயிரணுக்கள்தான் சத்தத்தை வாங்குகின்றன என்றார். பறவைகளுக்கு அவை அழிந்தால் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. “நமக்குக் குடுத்தது ஒரே தரம்தான். தொலைச்சா தொலைச்சதுதான்.” நான் அழகாச் சொன்னீங்க என்று சொல்லவில்லை. அது முழுசாகக் கேட்டது.

பதிவு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். ஷகிலா பானு மைக்கின் முன்னால் இன்னும் ரெஜியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் மேசைமேல் கிடந்த என் ஹெட்ஃபோனிலிருந்து அறை முழுக்கக் கேட்டது. ரெஜி அதை எடுத்துக் காதருகே கொண்டுபோய், சுட்டதுபோல விலக்கிப் பிடித்தாள்.

“என்னடி இது, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரா? இது கத்தற கத்தல் உன் மைக்குக்குள்ள போகுது. இதுதாண்டி எதிரொலி. இதுக்கா நான் மெத்தையைக் கட்டினேன்?”

குமிழ் கை பட்டுத் திரும்பியிருக்கும் என்றேன். அடுத்த வாரம் எனக்கும் விருந்தாளிக்கும் ஹெட்ஃபோன் கிடையாது, மேடைக்கும் அது ஒத்திகையாக இருக்கட்டும் என்று ரெஜி தீர்த்துவிட்டாள். ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிக்கிறது, அதனால் விருந்தாளி நாற்காலியை எதிர்ப்பக்கச் சுவரோரம் போடுகிறேன் என்றும் சொன்னாள். எதிர்ப்பக்கம் என்றால் என் இடப்பக்கம். வெளிச்சம் என்றேன். வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றாள். இன்று கேட்டுவிட்டாள்.

ஷகிலா பானுவை வழியனுப்பப் படியிறங்கினேன். என் இடப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தவர் நின்று, சுற்றிக்கொண்டு, வலப்பக்கம் வந்தார். “அந்த நேயரைத் தள்ளிப் போடாம காது டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வேலை இருந்தது. என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்களாம். பக்கத்தில் இருந்த பெண்தான் தொடையைத் தட்டிச் சொன்னாள்.

சளி இல்லை.

கருவி பொருத்தலாம், பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும், ஆரம்பத்தில் எல்லாச் சத்தமும் தகரத்தில் தட்டுவதுபோலக் கேட்கும் என்றார்கள். ஜூலைக்குப் பிறகு வருகிறேன் என்றேன். திரும்பும் வழியில் உழவர் சந்தையில் சுரைக்காயும் மொச்சையும் வாங்கினேன். எங்கே போனாய் என்று தனபால் கேட்டார். சந்தைக்கு என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

நாளைக்குக் கமலவேணி அம்மா. எண்பதுகளில் சென்னையில் டப்பிங் கலைஞராக இருந்தவர். முகம் காட்டாமல் எத்தனையோ கதாநாயகிகளுக்குப் பேசியிருக்கிறார். இப்போது கணவரோடு சிங்காநல்லூரில் இருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போய்விட்டது. போயே விடவில்லை, காற்றாகிவிட்டது. பள்ளிக்கூட நாளில் ரெஜி அந்தக் குரலைப் பேசிக் காட்டிப் பரிசு வாங்கியவள். இரண்டு மாதம் தேடி அவரைப் பிடித்திருக்கிறாள்.

முன்பேச்சுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவரே வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதினார்: “போனில் என் குரல் எடுபடாது. நேரில் பேசலாம்.”

ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று ரெஜியிடம் கேட்டேன். பைத்தியமா என்றாள்.

ஜூன் 18, புதன்

நன்றாக நடந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கமலவேணி அம்மா வெளிர் மஞ்சள் கைத்தறிச் சேலையில், வெற்றிலைச் சிவப்பு உதடுகளோடு வந்தார். எழுபதை நெருங்குகிறார். என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார். நாற்காலியைத் திருப்பி என் முகம் முழுவதையும் அவர் பக்கம் வைத்துக்கொண்டேன். உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த கூச்சமாக இருக்கும்.

முதல் பாதி சுலபம். ரெஜி எழுதிக் கொடுத்த தகவல்கள் கையில் இருந்தன. இருட்டறையில் திரையைப் பார்த்து நாயகியின் உதட்டுக்குள் தன் குரலை நுழைப்பது எப்படி என்று சொன்னார், கை ஆட்டி நடித்தும் காட்டினார். நடுவில் இரண்டு ரயில்கள் போயின. வழக்கம்போலப் பேச்சை மட்டும் நிறுத்திக் காத்திருந்தோம். அப்புறம், இப்போது வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். வாய்மேல் கையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். வழக்கத்தைவிட நீளமாகச் சொன்னார். முடிக்கும்போது புன்னகைத்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் பெரிதாகவே. அழகாச் சொன்னீங்க என்றேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் பதில்கள் சுருங்கிவிட்டன. ஆமா, இல்ல, அவ்வளவுதான். வயது, களைப்பு. ரெஜி போட்டு வைத்த காபியைத் தொடவில்லை. ஆட்டோ வரும்வரை உட்காரவும் இல்லை, வாசலில் போய் நின்றுகொண்டார். நான் கும்பிட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ரெஜி கீழே இறங்கி வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். போய்ட்டு வரேன் என்றேன். பதில் சொன்னாளோ என்னவோ.

ஜூன் 19, வியாழன்

ரெஜி வீட்டுக்கே வந்துவிட்டாள். தனபால் கிளம்பும்வரை காத்திருந்து, பிறகு சமையலறை மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு, நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எப்படிடி சிரிச்ச?”

என்ன என்றேன். “அந்தம்மா அவ்வளவு சொன்னதுக்கு எப்படிடி உனக்கு சிரிப்பு வந்துச்சு? நான் வெளிய கண்ணத் தொடச்சுட்டு நிக்கறேன். நீ அழகாச் சொன்னீங்கங்கற.”

என்ன சொன்னார் என்று அந்த நொடியில் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று வெளியே வந்துவிட்டது. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதென்று பேச்சை மாற்றினேன் என்றேன்.

“இது மாத்தறதா? இது மூஞ்சியில தண்ணி ஊத்தறது.” ரெஜி என்னையே பார்த்தாள். “நீ இப்படி இல்ல சுபா. ஒரு வருஷமாத்தான் இப்படி ஆயிட்ட. யார் என்ன சொன்னாலும் உனக்கு உள்ள எறங்கறதில்ல.”

குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அதற்காகத்தான் திறந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ரெஜி கடைக்குப் போன நேரத்தில் மாடி அறைக்குப் போய், ஹெட்ஃபோனை மாட்டிக் குமிழைக் கடைசிவரை திருப்பி, அந்த இடத்தைத் தேடி எடுத்துக் கேட்டேன்.

கமலவேணி அம்மா சொன்னது இது:

“ஆறு வருசமா எங்க வீட்டுக்காரர் எங்கிட்டப் பேசறதில்ல கண்ணு. நான் கூப்பிட்டா திரும்ப மாட்டார். ஆனா டிவியில நான் பேசின படம் போட்டா நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு உக்காந்துக்குவார். நான் சமயக்கட்டுலருந்து சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவேன். சவுண்டக் கூட்டி வெச்சுக்குவார். அதுல பேசறதும் நாந்தானுங்களே.”

அதன்மேல் என் சிரிப்பு ஏறுகிறது. நல்ல ரேடியோ சிரிப்பு. மணி குலுக்குவதுபோல இருக்கிறது.

ஜூன் 21, சனி

இன்று வெளியானது ஷகிலா பானு பேட்டி, கமலவேணி அம்மாவுடையது அடுத்த சனிக்கிழமை. கமலவேணி அம்மாவிடமிருந்து ரெஜிக்குச் செய்தி வந்திருக்கிறது. போனில் படித்துக் காட்டினாள். அந்த இடத்தை எடுத்துவிடுங்கள், இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னவுடன் தெரிந்துவிட்டது அது சொல்லத்தக்க விஷயமில்லை என்று.

மொச்சை ஊறப் போட்டது அப்படியே முளைத்துவிட்டது. இரண்டு நாளாகச் சமையலில் மனசு இல்லை.

ஜூன் 23, திங்கள்

ரெஜி சமாதானத்துக்கு வந்திருக்கிறாள், அவள் வழியில். மாடி அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தான் வெட்டி ஒட்டியதைப் போட்டுக் காட்டினாள். கமலவேணி அம்மா சொல்வது முழுசாக வருகிறது. அதற்குப் பிறகு என் சிரிப்பு இல்லை. அழகாச் சொன்னீங்க இல்லை. அந்த இடத்தில் மௌனம். ரயிலுக்காக நாங்கள் காத்திருந்த நேரத்திலிருந்து, ரயில் போய் முடிந்தபின் அறை அமைதியாக இருந்த துண்டை எடுத்து அங்கே வைத்திருக்கிறாள். அதில் நான் மூச்சு இழுத்து விடுவதுகூட லேசாகக் கேட்கிறது. பிறகு, தாழ்ந்த குரலில், அடுத்த கேள்வி.

“பாரு, நீ கலங்கிப் போய் உக்காந்திருந்த மாதிரியே இருக்கு” என்றாள். இதை எடுத்துக்கொண்டு போய்க் கமலவேணி அம்மாவிடம் போட்டுக் காட்டி, வெளியிடச் சம்மதம் வாங்கி வர வேண்டும், நீதான் போக வேண்டும் என்றாள். “அவங்க சொன்னது வெட்டி எறியற விஷயமில்லடி. அதக் கேக்க வேண்டியவங்க நெறையப் பேர் இருக்காங்க.”

இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். அந்த மௌனத்துக்குள் இருப்பவள் நல்லவள். மற்றவர் சொல்வதை உள்ளே வாங்கிக்கொள்கிறவள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சிரிப்பவளை ஊரார் நேயர் குழுவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள், மேடைக்கு நாலு வாரம்கூட இல்லை. மௌனமாக இருப்பவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கண்ணாடியில் பார்த்து, கலைந்த முடியைச் சரிசெய்துகொள்வது மாதிரிதான் இது. யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படித்தான் வீட்டுக்கு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 25, புதன்

சிங்காநல்லூர் போனேன். போகும்போது, காது விஷயத்தைக் கமலவேணி அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

கூடத்தில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. வாங்கம்மா, மழை வருமாட்டிருக்குது என்று என்னிடம் பேசினார். டிவியில் பழைய படம். அதில் ஒரு பெண் அழுதுகொண்டே வசனம் பேசினாள். எந்த நடிகை என்று தெரியவில்லை, ஆனால் குரல் யாருடையது என்று தெரிந்தது. கமலவேணி அம்மா உள்ளறை வாசலில் நின்று, காபி வேணுமா என்று அவரைப் பார்த்து விரலால் கேட்டார். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உள்ளறையில் கட்டிலின் ஓரத்தில் கமலவேணி அம்மாவை உட்காரச் சொல்லி, நான் மோடாவை இழுத்து, முழங்கால் முட்டும் தூரத்தில் வலது காதைக் கொடுத்து உட்கார்ந்தேன். அன்று சொன்னதை இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

“அதான் அன்னைக்கே சொன்னேனே. நீகூடச் சிரிச்சியே கண்ணு” என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இருந்தாலும் சொன்னார். இந்தத் தடவை அதிகம் சொன்னார். கல்யாணமான புதிதில், வீட்டுக்கு யார் வந்தாலும் கணவர் இவரைப் படத்தில் பேசுவதுபோலப் பேசிக் காட்டச் சொல்வாராம். ராத்திரியில் விளக்கை அணைத்தபின்னும் சொல்வாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இவர் முதல் வார்த்தை பேசியபோது, எழுந்து தோட்டத்துக்குப் போனவர், அப்புறம் இவர் பக்கம் திரும்பவே இல்லை. “அவர் கட்டிக்கிட்டது எதைன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.” கூடத்தில் டிவி சத்தம் கூடியது. நான் காதை அவர் வாயருகே கொண்டுபோனேன். வெற்றிலை வாசனை வந்தது. ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை.

பிறகு ரெஜி வெட்டியதைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து, தொழில்காரர் கேட்பதுபோலக் கேட்டார். முடிந்ததும் சிரிப்பு எங்கே என்றார். எடுத்துவிட்டோம் என்றேன்.

“உதட்டுக்கு ஏத்த மாதிரி குரல் ஒட்டறது என்னோட தொழில் கண்ணு. எங்கிட்டயே ஒட்டிக் காட்டறியா?” கைபேசியை என்னிடம் நீட்டினார். “போடறதுன்னா முழுசாப் போடு. நீ சிரிச்சதையும் வெச்சுப் போடு. அந்தச் சிரிப்ப நெறைய வீட்ல கேட்டிருக்கேன். நாலு பேர் கேக்கட்டும். அத எடுத்துட்டு உன்ன நல்லவளாக் காட்டறதுக்கு நான் வாயத் தெறக்கல. இல்லீன்னா மொத்தத்தையும் எடுத்துரு.”

உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்றேன்.

“இந்தக் குரல அவர் கேட்டாத்தானே.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் டிவிக்கு மேல் குரலை உயர்த்த வேண்டும், கூடத்துக்கும் கேட்கும் என்று ஒரு காரணம் கிடைத்தது. எழுந்து வந்துவிட்டேன். அவர் நிபந்தனையைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று போனில் ரெஜியிடம் சொன்னேன். அப்படியானால் மொத்தத்தையும் வெட்டிவிடுகிறேன், உன்னை ஊர் திட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது என்றாள். வெட்டாதே, ஒரு நாள் பொறு என்றேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் மாவு அரைத்தேன். கிரைண்டர் ஓடும்போது மட்டும் இடது காதில் அந்த ஆவிச் சத்தம் அடங்கியிருக்கிறது. அதனால் தேவைக்கு மேலேயே ஓடவிட்டேன். மாவு நைந்துவிட்டது. தோசைக்கு ஆகாது, பணியாரம் ஊற்ற வேண்டியதுதான்.

மேடை நிகழ்ச்சியின் அறிவிப்பை ரெஜி வெளியிட்டிருக்கிறாள். என் படம், கீழே, ‘கேட்கத் தெரிந்தவருடன் ஒரு மாலை’. யாரோ இதயக் குறிகளாகப் போட்டிருந்தார்கள்.

தனபால் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் நாற்காலியை மேசையின் மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று பார்த்தார், கேட்கவில்லை. பாதி சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடி, கம்பெனியில் புதிதாக வந்த பையன் மோட்டாரைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு வாடிக்கையாளரிடம் அதுதான் புது மாடல் என்று சொன்னதை முணுமுணுத்தார். அவ்வளவு சின்னக் குரலில்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லாமல் இருந்ததில்லை. நான் சரியான இடத்தில் சிரித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை பகல் முழுக்க என்னை நிற்க விடவில்லை. அலமாரியை ஒழுங்கு செய்தேன், பாதியில் விட்டேன். மாடிக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் இறங்கினேன்.

நான் எல்லோருக்கும் அலட்சியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போதுதான் பார்க்கிறேன், அந்த முடிவு எனக்கு மட்டும் ஆனதில்லை. ஒரு பெண் ஆறு வருஷத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தாள். என் கௌரவத்தைக் காப்பாற்ற நான் சிரித்ததால், அது சொல்லத் தகாதது என்று அவளே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சிரிப்பை எடுக்கக் கூடாது என்பதுதான் கமலவேணி அம்மாவின் நிபந்தனை. எதையும் சேர்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

நாளை திரு இருதயத் திருநாள். ரெஜி காலைப் பூசைக்குப் போய்விடுவாள். அறைச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் வெட்டவும் ஒட்டவும், சனிக்கிழமை தானாக வெளியாகும்படி ஏற்றி வைக்கவும் ஓரளவு தெரியும். என் சிரிப்பு அப்படியே இருக்கும். அது முடிந்ததும், ஒரே மூச்சில், வானொலிக் குரல் இல்லாமல், இதைப் பதிவு செய்து வைப்பேன்: “இப்போது இவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. எனக்கு இடது காது கேட்காது. கேட்டதுபோலச் சிரித்தேன்.” வருத்தம், விளக்கம் எதுவும் வேண்டாம். அப்புறம் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். அதன் பின்னால், கமலவேணி அம்மா சொன்னதை முதலிலிருந்து இன்னொரு தரம் வைப்பேன். இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டி, அவர் மூச்சுகூட விடுபடாமல்.

ரெஜியிடம் சொல்லவில்லை. தனபாலிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை மற்றவர்களோடு அவர்களும் கேட்கட்டும்.